எல்லாரும் விருந்தாளி என்றால் வீட்டுக்காரர் யார்?

கோடை விடுமுறை நெருங்கினால், கிராமத்தில் தனியாக இருக்கிற என்னைப் போன்ற கிழவிகளுக்கு ஒரே மாதிரி போன் வரும். "அம்மா, இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து வர்றோம். நீ ஒண்ணும் இழுத்துப் போட்டுக்காத. சாப்பாட்டுக்குச் சொல்லிடலாம்." பாசத்தில் சொல்வதுதான். வருவார்கள். ஏசி இருக்கிற ஒரே அறையில் அத்தனை பேரும் அடைந்து கிடப்பார்கள். மூன்று வேளையும் கேட்டரிங்காரர் வண்டியில் சாப்பாடு வந்து இறங்கும். கிளம்புகிற அன்றைக்குத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஒரு போட்டோ. கார் தெருமுனை திரும்பிய பிறகு உள்ளே வந்து பார்த்தால், அடுக்களையில் ஒரு கரண்டிகூட இடம் மாறியிருக்காது.

எனக்கு அதில்தான் குறை. இந்த முற்றத்தில் தவழ்ந்து வளர்ந்த மகன், "துண்டு எங்கம்மா இருக்கு?" என்று கேட்கிறான். மருமகள் காபி குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று முழிக்கிறாள். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை எப்படித் தூக்கித் திறப்பது என்று பேரப்பிள்ளைகளில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போகிறார்கள். நானும் அவர்களை உபசரித்து வழியனுப்புகிற ஆளாக ஆகிப்போனேன்.

திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரையோரக் கிராமம் எங்களுடையது. எனக்கு எழுபது தாண்டியாயிற்று. ஆறு மா நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறேன். பெரியவன் சென்னையில், சின்னவன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். நான் சொல்ல வந்தது இதுதான்: குடும்பம் கூடினால், கூடி ஒரு வேலையைச் செய்ய வேண்டும். சாப்பிட்டு, பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு கலைவதற்குக் கல்யாண மண்டபமே போதும். அதற்கு வீடு எதற்கு?

"கிழவி அந்தக் காலக் கதையை ஆரம்பித்துவிட்டாள்" என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தை உள்ளே இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் அதைத் தூக்கிக் கொண்டாட மனசு வரவில்லை. ஆடிப்பெருக்கு என்றால் இந்த வீட்டில் முப்பது பேர் கூடுவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் விடிவதற்குள் கிளறி ஆற வைத்துக் கட்டிவிட வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆற்றுக்குப் போவார்கள். மருமகள்கள் நாங்கள் அண்டாவும் கையுமாகக் கிணற்றடியில் கிடப்போம். விசேஷச் சாப்பாடு என்றால் முதல் பந்தி ஆம்பிளைகளுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, அதற்கடுத்தது வந்த சனத்துக்கு. சமைத்தவர்கள் உட்காரும்போது ரசமும் அப்பளத் தூளும் மிச்சம் இருக்கும். கூட்டுக் குடும்பத்தின் ஒற்றுமை என்று ஊர் மெச்சியதெல்லாம் நாலு பெண்களின் இடுப்புவலிதான்.

ஆகவே கேட்டரிங்காரருக்குச் சொல்லிவிடலாம் என்று இன்றைய பெண்கள் சொன்னால் நான் முகம் சுளிக்க மாட்டேன். வேறு எப்படித்தான் அவர்கள் தப்பிப்பது? மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் ஒரு பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவழிக்கிறாள், ஆண் 97 நிமிஷம் என்று வந்தது. 2024-ல் மறுபடி எடுத்தார்கள்: பெண் 289, ஆண் 88. பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டு விட்டான்.

அரசாங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும்கூட இந்த வேலை இப்போது கண்ணில் படுகிறது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்திலும் வீட்டைக் கட்டிக் காத்த மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் வேலையைப் பங்கு பிரித்துக் கொடுக்க எந்த நீதிபதியும் வர மாட்டார். அதை நாம்தான் செய்ய வேண்டும். கேட்டரிங் அதைச் செய்யவில்லை. பெண்களை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்தது, சரி. வெளியே வந்தவர்கள் கையில் ஒரு போனைக் கொடுத்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டது. வேலையும் போயிற்று, வேலையோடு சேர்ந்து இருந்த இன்னொன்றும் போயிற்று.

அந்த இன்னொன்று என்னவென்று எங்கள் வீட்டு வடகத்தை வைத்துச் சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் குழம்பு தாளிக்கப் போடுகிற வெங்காய வடகம் சித்திரை வெயிலில்தான் போட முடியும். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, கிலோவுக்குக் கால் கிலோ பூண்டு தட்டிப் போட்டு, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை எல்லாம் கலந்து பானையில் மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் மாடியில் பரப்பிக் காய வைத்து, சாயங்காலம் அள்ளி, பானையில் தேங்கி நிற்கிற தண்ணீரிலேயே பிசைந்து மறுபடி மூட வேண்டும். மறுநாளும் அப்படியே. ஈரம் சுண்டியதும் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உருண்டை பிடித்துக் காய வைக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் வெயில் குடித்தால்தான் வருஷம் முழுக்கக் கெடாது. காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைக்கலாம். அணில் குடைக்குப் பயப்படாது. அதற்கு ஆள்தான் உட்கார வேண்டும்.

போன கோடைக்கு முன்பே போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வருகிறவர்கள் வடகம் போட வர வேண்டும், ஆளுக்கொரு வேலை உண்டு, ஆம்பிளைகளுக்கு முதலில் உண்டு என்று. லீவு இருக்கிறபடி முன்பின்னாக வந்து சேர்ந்தார்கள். ஐந்து கிலோ வெங்காயத்தைக் கூடத்தில் கொட்டி, மகன்கள் இரண்டு பேரையும் மாப்பிள்ளையையும் சுற்றி உட்கார வைத்தேன். மாப்பிள்ளையைப் பார்க்க வந்த அவருடைய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன சம்பந்தி, மாப்பிளைய வெங்காயம் உரிக்க வச்சிருக்கீங்க?"

"மாப்பிளை மாப்பிளைன்னு இன்னும் எத்தனை வருஷத்துக்கு வெளியாளாவே வச்சிருக்கிறது சம்பந்தி? நம்ம வீட்டுப் புள்ளதானே!"

"இருங்க அத்தை, அம்மாவுக்கும் ஒரு முறம் எடுத்துட்டு வர்றேன்" என்று அவர் எழுந்தார். சம்பந்தி சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கை வேகம் எங்கள் யாருக்கும் வராது.

அன்றைக்கு மத்தியானம் மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். வேலை பார்க்கிற இடத்தில் ஆள் குறைக்கப் போகிறார்கள், தன் பெயரும் அதில் இருக்கலாம் என்று பயமாக இருக்கிறது என்றார். ஏசி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன் அத்தை" என்பதோடு முடிந்திருக்கும். வெங்காயம் உரிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கண் கலங்கினாலும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பெரியவன் உரித்துக்கொண்டே, "பாத்துக்கலாம் மாப்ள, நாங்க இருக்கோம்ல" என்றான். வேலையோடு சேர்ந்து போய்விட்டது என்றேனே, அது இந்தப் பேச்சுதான். கை ஓயாமல் இருந்தால்தான் மனசு வாய் திறக்கிறது.

இதில் வேடிக்கை, தேதி குறிப்பது நாம் அல்ல, வெயில். உங்கள் லீவு முடிந்துவிட்டது என்பதற்காக வடகம் சீக்கிரம் காயாது. நாலாம் நாள் பிற்பகலில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அதை முதலில் பார்த்தவள் மகள் வயிற்றுப் பேத்தி. அணில் ஓட்டுகிற வேலை அவளுக்கு. "அம்மாச்சி, காத்துல மண் வாசனை வருது!" என்று மாடியிலிருந்து கத்தினாள். அடுத்த நிமிஷம் வீடே மாடியில் இருந்தது. வேட்டியின் நாலு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வடகத்தோடு தூக்கி வருவதற்குள் பொட்டுப் பொட்டென்று விழுந்துவிட்டது. இரண்டு பேர் நனைந்தார்கள், வடகம் நனையவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை போனில் மழை வருமா என்று பார்ப்பதற்கு முன்னால் மேற்கே பார்க்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் தன் வடகம் நனையும் என்கிற கவலை புத்தகத்தில் இல்லை. இயற்கையை நேசியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட, வெயிலும் மழையும் கூட்டாளியாக இருக்கிற ஒரு வேலையை அவர்களிடம் ஒப்படைப்பது மேல். பங்குனியில் வேப்பம்பூ உதிரும்போது மரத்தடியில் பழைய சேலையை விரித்துப் பூவைக் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். ஐந்து வயசுப் பிள்ளையும் செய்யும். அந்தப் பூவில் வைக்கிற ரசத்தை "கசக்குது" என்று சொல்லிக்கொண்டே குடிக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. கல்யாணமாகிப் போன மகள் பிறந்த வீட்டுக்கு வந்தால் "நீ ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவ, உட்காரு" என்று நாம் சொல்வது செல்லம் மாதிரி இருக்கும். சொல்லச் சொல்ல அவளே தன்னை வெளியாளாக நினைக்க ஆரம்பித்துவிடுவாள். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தி, இந்துக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வைத்தார்கள். 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. காகிதத்தில் பங்காளியாக இருக்கிறவளை வீட்டில் விருந்தாளியாக வைத்திருப்பது என்ன நியாயம்? எங்கள் வீட்டில் குதிர் எங்கே, பத்திரம் எங்கே, குத்தகைக் கணக்கு நோட்டு எங்கே என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். கணக்கைப் பார்ப்பது இப்போது என் மகள். அவள் சொன்னால் தம்பி கேட்கிறான்.

வீட்டில் விருந்தாளியாக இருந்து பழகியவர்கள் ஆற்றங்கரையிலும் விருந்தாளியாகத்தான் இருப்பார்கள். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறு ஓடுகிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. ஆனால் அந்த ஆறுகளில் தண்ணீர் ஓடுவது மேட்டூர் கையில் இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், சில நாளில் கல்லணை வந்து, அங்கிருந்து பிரிந்து எங்கள் படித்துறைக்கு வரும். முதலில் வருவது தண்ணீரே அல்ல. சருகும் நுரையும் செத்தையும் உருண்டு வரும். அதன் பின்னால்தான் பழுப்பாகத் தண்ணீர் தலைகாட்டும். அதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். 2012 தொடங்கி எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது, ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. தண்ணீர் இல்லாத ஆடிகளில் பம்புசெட்டுத் தொட்டியைக் காவிரியாக நினைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

முன்னெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள். குடிமராமத்து என்று பேர். 2017-ல் அரசாங்கம் அந்தப் பேரில் மறுபடி திட்டம் கொண்டுவந்தது. இப்போது தூர் எடுப்பது பெரும்பாலும் பொக்லைன். நான் மெஷினுக்கு எதிரி அல்ல. வெயிலில் மண் சுமந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வாய்க்காலில் தன் மண்வெட்டி விழுந்த காலத்தில், ஒருத்தன் அதில் குப்பை போட்டால் பத்துப் பேர் கேட்டார்கள். இன்றைக்கு ஆடிப்பெருக்கன்று குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிறார்கள், புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். படித்துறையில் பிளாஸ்டிக் கவரும் பேப்பர் தட்டும் உடுத்திக் கழித்த துணியும் கிடக்கின்றன. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் தடை. படித்துறைக்கு அது தெரியாது போலிருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள் வந்து அள்ளுகிறார்கள். நம் வீட்டுப் பண்டிகைக்கு அவர்கள் ஏன் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும்? எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: ஆற்றுக்குப் போகும்போது சோற்று மூட்டையோடு இரண்டு காலிச் சாக்கும் போகும். அதை நிரப்பிக்கொண்டு வந்தால்தான் சாயங்காலம் சப்பரம் இழுக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சட்டம்.

"எல்லாருக்கும் ஊரும் மாடியும் ஆறுமா இருக்கு?" என்று கேட்பீர்கள். ஞாயம்தான். இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் வடகம் போட வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் மாவடு வாங்கி எல்லாரும் சேர்ந்து காம்பு கிள்ளி உப்புப் போட்டு ஜாடியில் குலுக்கலாம். பொங்கலுக்கு முன்னால் அப்பா வீட்டை ஒட்டடை அடித்து, பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கலாம். எந்த வேலையாக இருந்தாலும் இரண்டு விஷயம் இருந்தால் போதும்: ஒற்றை ஆளால் முடியாததாக இருக்க வேண்டும், முடிந்த பிறகு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போக ஏதாவது இருக்க வேண்டும். தேதியை முடிவு பண்ணிவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிக்காதீர்கள். வேலையை முடிவு பண்ணுங்கள். தேதி தானாக வரும்.

"லீவில்தான் ஓய்வு, அதிலும் வேலையா?" என்று மருமகள்கள் கேட்டால், அவர்கள் கேட்பதில் தப்பில்லை. வருஷம் முழுக்க ஆபீசும் வீடும் பார்த்தவர்கள் உட்காரட்டும். வேலையை முதலில் எடுக்க வேண்டியவர்கள் மகன்கள், மாப்பிள்ளைகள், பேரன்கள். தொண்ணூறு நிமிஷத்துக்கும் கீழே இறங்கிவிட்டதே அவர்கள் கணக்கு, அதை ஏற்றுவதற்கு ஊருக்கு வருகிற நாலு நாளைவிட நல்ல நாள் கிடைக்காது.

கடைசியாக என் வயசுக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் முட்டுக்கட்டை வெளியே இல்லை, நாம்தான். மகன் வெங்காயம் உரித்தால் "தள்ளு, தோலோட சேர்த்துப் பாதி வெங்காயத்த எறியிற" என்கிறோம். பேரன் பாத்திரம் தேய்த்தால் அவன் அந்தப் பக்கம் போனதும் மறுபடி எடுத்துத் தேய்க்கிறோம். அடுப்படிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்று அழுதால் யார் நம்புவார்கள்? அவன் வடிக்கிற சோறு முதல் நாள் குழையத்தான் செய்யும். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நாளைக்கு உலை வைக்கவும் அவனையே கூப்பிடுங்கள்.